திருநர் எண்ணிக்கை: யாரிடம் கேட்டு எழுதினார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

திருநர்கள் எத்தனை பேர் என்று எழுதும்போது ஏதோவொரு கணக்கெடுப்பின் எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அது எப்படி வந்த எண் என்று யாருமே சொல்வதில்லை.

இந்தியாவில் 2011 குடிசன மதிப்பில் ஆண், பெண் தவிர்ந்த ‘மற்றவர்’ பிரிவில் 4,87,803 பேர் பதிவானார்கள், இன்றைக்கும் பலர் எடுத்துக்காட்டுவது இதைத்தான். அதில் 54,854 பேர் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்! அந்தப் பிள்ளைகளா பதில் சொன்னார்கள்? வீட்டுப் பெரியவர் சொன்னதையோ, கணக்கெடுக்க வந்தவர் பிழையாகக் குறித்ததையோதானே அது காட்டுகிறது. அப்புறம், வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் எந்த வீட்டுக் கணக்கில் வந்திருப்பார்கள்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 இல் 16 வயதுக்கு மேற்பட்டோரிடம் பிறப்பில் பதிந்த பாலும் இப்போதைய பால்நிலையும் ஒன்றா என்று தனிக் கேள்வியாகவே கேட்டார்கள். ஒன்றல்ல என்றவர்கள் சுமார் 2,62,000 பேர், அதாவது 0.5 வீதம் என்று வந்தது. ஆனால் குடியேறியவர்கள் நிறைய வாழும் லண்டனின் நியூஹாம், பிரென்ட் பகுதிகளில் வீதம் மிக அதிகமாக இருந்ததால், கேள்வி விளங்காமலே சிலர் பதில் குறித்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்து, 2024 இல் அந்தத் தரவு அங்கீகரிக்கப்பட்ட புள்ளிவிபரம் என்ற தரத்திலிருந்து இறக்கப்பட்டது.

இதில் பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. ஆயிரம் பேரில் உண்மையாகவே ஐந்து பேர் திருநர் என்று வையுங்கள். மிச்சப் பேரில் நூற்றுக்கு ஒருவர் தவறிக் குறித்தாலே பத்துப் பேர் கூடிவிடுவார்கள். கையில் கிடைக்கும் பதினைந்தில் பத்து பிழை. சிறிய கூட்டத்தை எண்ணும்போது சிறிய பிழைகூட உண்மையை விழுங்கிவிடும்.

இலங்கையில் எங்கள் பக்கம் பிழை மற்றத் திசையில் போகும், எண் குறைந்துதான் வரும். வாழைச்சேனையிலோ சம்மாந்துறையிலோ வாசலில் வைத்துக் கேட்டால் வாப்பா, அப்பா, மாமா, பக்கத்து வீட்டார் எல்லோரும் சுற்றி நிற்பார்கள், அந்த இடத்தில் ஒரு பிள்ளை வாய் திறக்குமா? 2016 சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையின் கீழ் பால்நிலைச் சான்றிதழ் (ஒருவரின் பால்நிலை மாற்றத்தை அங்கீகரிக்கும் சான்றிதழ்) எடுத்தவர்களை எண்ணினாலும், வைத்தியரைத் தேடிப் போகத் துணிந்தவர்கள், போக வசதி இருந்தவர்கள் மட்டும்தான் அதில் வருவார்கள்.

அதனால் மட்டக்களப்பில், அம்பாறையில் “இங்கே அப்படி ஆட்கள் இல்லை” என்று ஒரு சிறிய எண்ணைக் காட்டி யாரும் சேவையை மறுக்க இடம் கொடுக்காதீர்கள். இப்படியான எண்ணைப் பிரசுரிக்கும்போது, என்ன கேள்வி, யார் பதில் சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

வாசகி,
கல்முனை