டிஸ்சார்ஜ் சம்மரியில் டைட்டரை எழுதுங்கள்: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொது மருத்துவம், நரம்பியல், கண், காது, மனநலம் என்று எந்தப் பிரிவில் இருந்தாலும் சரி, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் உள்ளவர்களைப் பார்க்கிற எல்லா டாக்டர்களுக்கும் வணக்கம். நான் லேப் டெக்னீஷியன். ஆர்.பி.ஆர் (விடிஆர்எல் போல சிபிலிஸுக்கான ஒரு ரத்தப் பரிசோதனை) அட்டையை 8 நிமிடம் சுழலவிட்டு, வட்டத்துக்குள் கரித்துகள் திரண்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துச் சொல்கிற ஆள்.

தண்டுவட நீர் எடுக்கிற அளவுக்குப் போன ஒரு நோயாளி வேறு ஊரிலிருந்து வருகிறார், கையில் பழைய சம்மரி. "விடிஆர்எல் ரியாக்டிவ், பென்சிலின் கொடுக்கப்பட்டது." அவ்வளவுதான். இன்றைக்கு எங்களிடம் டைட்டர், அதாவது சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்தும் ரியாக்டிவ் காட்டுகிறது என்ற அளவு, 1:16 வருகிறது. அன்று 1:64 இருந்திருந்தால் நாலு மடங்கு இறங்கியிருக்கிறது, மருந்து கேட்டிருக்கிறது. 1:4 இருந்திருந்தால் நாலு மடங்கு ஏறியிருக்கிறது, மறுபடி தொற்றியிருக்கலாம் அல்லது சிகிச்சை பலிக்காமல் போயிருக்கலாம். எது என்று யார் சொல்வது? அன்று பார்த்தது விடிஆர்எல், இன்று ஆர்.பி.ஆர் என்றால் இரண்டு எண்ணையும் ஒப்பிடவே கூடாது. அதனால் டெஸ்டின் பெயர், டைட்டர், தேதி மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

அப்புறம், எந்தப் பென்சிலின்? இடுப்பில் போடும் பென்சதைன் 24 லட்சம் யூனிட் ஊசி ரத்தத்தில் நாள்கணக்கில் நிற்கும், ஆனால் தண்டுவட நீரில் கிருமியைக் கொல்கிற அளவுக்குச் சேராது. நரம்பு, கண், காது பாதித்திருந்தால் கிரிஸ்டலைன் பென்சிலின்தான், ஒரு நாளைக்கு 180 முதல் 240 லட்சம் யூனிட், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை ஐவி வழியாகப் பிரித்து, 10 முதல் 14 நாள் வரை. இதில் எதைப் போட்டீர்கள், எத்தனை நாள் போட்டீர்கள், நடுவில் நோயாளி சொல்லாமல் வீட்டுக்குப் போனாரா, எல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும்.

நரம்பு சிபிலிஸ் பல வருஷம் கழித்துத்தான் வரும் என்ற எண்ணம் இன்னும் நிறையப் பேரிடம் இருக்கிறது. அப்படி இல்லை, எந்தக் கட்டத்திலும் வரலாம், திடீர்ப் பார்வை மங்கலாகவோ காது அடைப்பாகவோகூட ஆரம்பிக்கலாம். அதை ரத்தம் அனுப்பும் சீட்டிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆன்டிபாடி அளவுக்கு மீறி இருந்தால் நீர்க்காத சீரத்தில் ரிசல்ட் நெகட்டிவ் போலக் காட்டும், சந்தேகம் இன்னதென்று தெரிந்தால் நாங்கள் நீர்த்தும் பார்ப்போம். தண்டுவட நீரில் விடிஆர்எல் நெகட்டிவ் என்பதற்காகவும் நோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்; செல் எண்ணிக்கை, புரோட்டீன், ஊசி குத்தும்போது ரத்தம் கலந்ததா என்பதையும் குறித்துவையுங்கள், ரத்தம் கலந்தால் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம்.

வீட்டார் படித்துவிடுவார்களே என்று நோயின் பெயரை விட்டுவிட்டு வெறும் மூளைக்காய்ச்சல் என்று எழுதுகிறவர்களின் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் அடுத்த டாக்டருக்கு அது வெற்றுக் காகிதம். நோயாளி கையில் மட்டும் தனியாக ஒரு தாள் கொடுங்கள், துணைக்கும் பரிசோதனை வேண்டும் என்று அவரிடமே நேரில் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்திலிருந்தும் டைட்டர் இல்லாமல் ரிப்போர்ட் வந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள், சாம்பிள் கையில் இருக்கும்வரை மறுபடி போட்டுத் தருகிறோம்.