செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை நமது நகர் குடியிருப்போர் நலச் சங்கம் செய்த பணிகளையும், இனிச் செய்ய வேண்டியவற்றையும் இந்த அறிக்கையில் தொகுத்துள்ளேன்.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, நிதியாண்டு முடிந்த ஆறு மாதங்களுக்குள் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் மாவட்டப் பதிவாளரிடம் போய்ச் சேர வேண்டும். நிர்வாகிகள் மாறினால் படிவம் 7 கொடுக்க வேண்டும். இன்று தேர்வாகும் புதிய நிர்வாகிகள் அதைத் தள்ளிப்போட வேண்டாம். பதிவு நடப்பில் இல்லாத சங்கத்தின் மனுவுக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பிருக்காது.

இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தில் பெரும்பகுதி ஒரே பொருளுக்குப் போனது: நம் ஊராட்சியை மாநகராட்சியோடு இணைக்கும் முடிவு. 2025 பிறந்ததும் வெளியான அரசு அறிவிப்பில் 16 மாநகராட்சிகளுடன் 4 நகராட்சிகள், 5 பேரூராட்சிகள், 149 ஊராட்சிகளை இணைக்கும் முடிவு இருந்தது. அந்த 149இல் நம் ஊராட்சியும் ஒன்று. அதற்கடுத்த சில நாட்களில், ஜனவரி 5ஆம் தேதியோடு, ஊராட்சி மன்றத்தின் ஐந்தாண்டு பதவிக்காலமும் முடிந்தது. தலைவரும் வார்டு உறுப்பினர்களும் இல்லை. தனி அலுவலர் பொறுப்பில் இருக்கிறார். ஊராட்சி தன் கடைசிக் காலத்தில் இருக்கும்போது, அதற்காகப் பேச மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரும் இல்லை என்பதே நம் உண்மையான சிக்கல்.

உறுப்பினர்கள் முதலில் கேட்பது வரியைத்தான். ஊராட்சியில் வீட்டு வரி ஆண்டுக்கு ஒரு முறை. மாநகராட்சியில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை, ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று வரும். தொகை எவ்வளவு என்பது தெருவின் மண்டல மதிப்பு, கட்டடப் பரப்பு, பயன்பாடு, கட்டடத்தின் வயது ஆகியவற்றைப் பொறுத்தது. பக்கத்து வார்டில் நண்பர் கட்டும் தொகையை வைத்து நம்முடையதைச் சொல்லிவிட முடியாது. 2022இல் நடந்த சீராய்வில், சென்னை நீங்கலான மாநகராட்சிகளில், குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடும், 601 முதல் 1,200 வரை 50 விழுக்காடும், 1,201 முதல் 1,800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேல் 100 விழுக்காடும் உயர்த்தப்பட்டது. 2024 முதல் ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்வும் வந்துவிட்டது. நாம் போய்ச் சேரப்போவது இந்த உயர்வுகளெல்லாம் ஏறிய விகிதத்தில்தான். அரையாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள் கட்டினால் 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய், ஊக்கத்தொகை உண்டு.

அளவெடுக்க வருபவர் கேட்கும்போதுதான் பலர் பத்திரத்தைத் தேடுகிறார்கள். அதற்கு முன்பே உங்கள் வீட்டின் கட்டடப் பரப்பைத் தளம் தளமாக நீங்களே அளந்து, வரைபட அனுமதி நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தவறு நேரும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்: மனையின் பரப்பைக் கட்டடப் பரப்பாக எழுதிவிடுவது, மாடிப்படி அறையையும் கார் நிறுத்தும் இடத்தையும் குடியிருப்போடு சேர்த்துவிடுவது, வாடகைக்கு விட்ட ஒரு கடைக்காக முழு வீட்டையும் வணிகம் என்று பதிவது, தெருப் பெயர் மாறிப்போய் வேறு மண்டலத்தில் விழுவது. பதிவான பின் திருத்த மேல்முறையீடு, மறுஅளவீடு என்று அலைய வேண்டியிருக்கும். கையெழுத்துப் போடும் முன் படிவத்தைப் படித்துப் பாருங்கள்.

காலி மனை வைத்திருப்போர் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். நம் ஊராட்சியில் நாம் காலிமனை வரி கட்டியதில்லை; நகர்ப்புற உள்ளாட்சியில் அது உண்டு. கட்டட அனுமதி கேட்டுப் போகும்போதுதான் இப்படியொரு வரி இருப்பதே பலருக்குத் தெரிய வருகிறது. அப்போது பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்டால், இணைப்பு நாளுக்கு முந்தைய காலத்துக்கு அது பொருந்தாது என்பதை எழுத்தில் எடுத்துரைக்க வேண்டும். இணைப்பு நாளைக் குறிக்கும் அரசிதழ் நகல் வந்தவுடன் சங்க அலுவலகத்தில் கிடைக்கும்.

நாம் இழப்பவற்றை மறைக்க வேண்டியதில்லை. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் எந்த வாக்காளரும் எழுந்து கணக்குக் கேட்கலாம். நகரில் அதற்கு ஈடாக இருப்பது பகுதி சபை. ஆண்டுக்கு நான்கு முறை. ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகிய நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் தெருவுக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் பல பெண்கள் நூறு நாள் வேலையை நம்பியிருக்கிறார்கள். 2024–25இல் நாள் கூலி 319 ரூபாய், 2025 ஏப்ரல் முதல் 336 ரூபாய். ஊரகப் பகுதி என்ற வகைப்பாடு போனால் இந்த வேலையும் போகும். கலைஞர் கனவு இல்லம் போன்ற ஊரக வீட்டுத் திட்டங்களும் அப்படியே. அந்தக் குடும்பங்கள் நம் சங்க உறுப்பினர்கள் அல்லர் என்பதால் இதைப் பேசாமல் விடுவது சரியல்ல என்பது செயற்குழுவின் ஒருமனதான முடிவு; ஆட்சியருக்கு அனுப்பிய மனுவில் இதை முதல் கோரிக்கையாக வைத்தோம்.

இனி ஆவணங்கள். இணைப்பால் நமக்கு நன்மையா தீமையா என்பதில் பாதி, ஊராட்சி அலுவலக அலமாரியிலிருந்து மாநகராட்சிக்கு என்ன போய்ச் சேருகிறது என்பதில் இருக்கிறது. பூங்கா இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 விழுக்காடு நிலம் பொதுத் திறந்தவெளியாக விடப்பட்டு, சாலைகளோடு சேர்த்துத் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு எழுதித் தரப்பட வேண்டும். வரைபடத்தில் பச்சை நிறம் இருந்தால் மட்டும் போதாது. தானப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். பதிவானாலும் பட்டா உள்ளாட்சியின் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். பட்டா மாறாத இடத்தில், பழைய உரிமையாளரின் வாரிசுகள் தங்கள் பெயரிலேயே பட்டா வாங்கி விற்றுவிட வழி இருக்கிறது. விற்பனை நடந்த பிறகு வழக்குப் போட்டு மீட்பது எளிதல்ல.

இந்த ஆண்டு நம் மனைப்பிரிவின் நிலையைச் சரிபார்த்தோம். பூங்கா இடத்தின் தானப் பத்திரம் வில்லங்கச் சான்றில் வருகிறது. ஆனால் பட்டா இன்னும் மாறவில்லை. நான்காம் தெரு முனையில் ஆழ்துளைக் கிணறு இருக்கும் சிறு துண்டு நிலத்துக்குப் பத்திரமே அகப்படவில்லை. இரண்டையும் குறிப்பிட்டுத் தனி அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பியுள்ளோம். பதில் வரவில்லை. புதிய செயற்குழு முதலில் கையில் எடுக்க வேண்டிய கோப்பு இது.

குடிநீர் விஷயத்திலும் காகிதம்தான் சிக்கல். மேல்நிலைத் தொட்டிக்கும் மோட்டாருக்கும் உரிய மின் இணைப்புகள் ஊராட்சியின் பெயரில் உள்ளன. பெயர் மாற்றமும் பாக்கித் தொகையும் தீராமல் கைமாறினால், கட்டணத்தை யார் கட்டுவது என்ற கேள்வியில் இணைப்புத் துண்டிக்கப்பட இடமுண்டு. மோட்டார்கள், தெருவிளக்குக் கம்பங்கள் ஆகியவற்றின் மின் இணைப்பு எண்களை நம் தன்னார்வலர்கள் நடந்து சென்று குறித்துப் பட்டியலிட்டுள்ளனர். வால்வு இருக்கும் இடங்கள் தொட்டி இயக்குபவருக்கு மட்டுமே தெரியும். வரைபடம் எங்கும் இல்லை. அவரோடு சென்று ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்து வீட்டு மதிலில் பெயிண்டால் அம்புக்குறி போட்டோம். அவர் வேலை மாறிப்போனால் எந்த வால்வைத் திறந்தால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும் என்று சொல்ல ஆளிருக்காது.

மாதம் 5, 20 தேதிகளில் தொட்டி கழுவுவது தொடர்கிறது. குளோரின் அளவை உறுப்பினர்களும் சரிபார்க்கலாம். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டக் கூடாது. வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். மூட்டையைத் திறந்துபோட்டால் வீரியம் போய்விடும். அப்புறம் எவ்வளவு போட்டாலும் கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் இருக்காது. கடைசிக் குழாயில் 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) இருந்தால் போதும்.

குப்பை அள்ளும் தூய்மைக் காவலர்கள் ஊராட்சியின் ஏற்பாடு. இணைந்த பிறகு வேலை ஒப்பந்ததாரரிடம் போனால் இவர்களின் நிலை என்ன என்று கேட்டுள்ளோம். மற்றபடி குப்பை சேகரிப்பில் இந்த ஆண்டு குறைவில்லை.

அடுத்து, சாக்கடையும் அதையொட்டிச் சாலையும். 2011இல் சென்னை மாநகராட்சி 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. சேர்ந்த பகுதிகளில் பாதாளச் சாக்கடை பத்தாண்டு கழிந்தும் எல்லா இடங்களிலும் முடியவில்லை. நமக்கும் காலம் பிடிக்கும். அதுவரை செப்டிக் டேங்க்தான். புதிதாக வீடு கட்டுவோர் கழிவுநீர் லாரிக் குழாய் எட்டும்படி வாசல் பக்கம் அதை அமையுங்கள். சாக்கடைத் திட்டம் வரும் தெருவில் முதலில் குழாய், வீட்டு இணைப்பு, மண்ணை அடுக்கடுக்காகக் கெட்டித்தல், பிறகே சாலை. மண்ணை ஒரே அடியாகத் தள்ளி மூடினால் முதல் மழையிலேயே சாலை உள்வாங்கும். பழைய தார்ச்சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய அடுக்குப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலர் அறிவுறுத்தியிருக்கிறார். இரண்டாம் தெருவில் அப்படிச் செய்யாததால், நான்கு வீடுகளின் வாசல் இன்று சாலையைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. அடுத்த முறை வேலை தொடங்கும் நாளிலேயே மதிப்பீட்டு நகலைக் கேளுங்கள். சுரண்டும் பணி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் அனுப்பும் மனுக்கள் வீணாகாமலிருக்க ஒன்று சொல்ல வேண்டும். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். 30 நாட்களில் பதில் வர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று எழுதினால் அது தகவல் அல்ல என்று திரும்பிவிடும். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: சொத்துப் பதிவேட்டின் நகல், கேட்பு வசூல் நிலுவைப் பதிவேட்டின் (வரி எவ்வளவு கேட்கப்பட்டது, வசூலானது, நிலுவை என்ற கணக்கு) நகல், இந்தப் பணியின் அளவுப் புத்தகப் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) பக்கங்கள் என்று. பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. பலர் இந்த இரண்டாவது கெடுவைத்தான் தவற விடுகிறார்கள். ஊராட்சி அலுவலகம் அதே இடத்தில் இருக்கும்போதே இந்த நகல்களை வாங்கிவிடுவது நல்லது.

இன்றைய பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். பூங்காவுக்கும் கிணற்று நிலத்துக்கும் இணைப்புக்கு முன்பே பட்டா மாற்றக் கோருவது முதலாவது. ஊராட்சியின் சொத்து, மின் இணைப்பு, நிலுவைப் பணிப் பட்டியலை இரு தரப்பு அலுவலர்களும் கையெழுத்திட்டு, நகலைச் சங்கத்துக்கு வழங்கக் கோருவது இரண்டாவது. வார்டு எல்லை வரையும்போது நம் ஆறு தெருக்களையும் ஒரே வார்டில் வைக்கக் கோருவது மூன்றாவது. வெயிலில் தெருத் தெருவாக நடந்து கம்ப எண் குறித்த இளைஞர்களுக்கும், வரி ரசீதுகளை நகலெடுத்து அடுக்கித் தந்த மகளிர் குழுவினருக்கும் செயற்குழுவின் நன்றி. பட்டியல்களின் நகல் வாசலில் மேசைமேல் இருக்கிறது. உங்கள் தெருவுக்குரியதைப் பார்த்து, விடுபட்டிருந்தால் இன்றே எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

பணிவுடன்,
செயலாளர்