ஆலய வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை யாருடைய கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசி வழியாகக் காணிக்கை செலுத்தும் வழக்கம் ஆலயங்களில் பெருகிவருவதைக் குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர்கள் சிலர் எழுதியிருந்ததைப் படித்தேன். ஒரு சாரார் அது ஆராதனையின் மேன்மைக்குக் குறைவு என்றும், மற்றொரு சாரார் காலத்தின் கட்டாயம் என்றும் எழுதியிருந்தார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில், தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு கிராமச் சபையில் ஒன்பது ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன் நான். இரு சாராரும் தொடாத ஒன்றைச் சொல்வதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். காணிக்கை பையில் விழுந்தாலும் திரையில் விழுந்தாலும் அது காணிக்கைதான். யாருடைய பெயரில் உள்ள கணக்கில் அது போய்ச் சேருகிறது, அதை யார் யார் பார்க்கிறார்கள் என்பதைத்தான் நாம் இப்போது கேட்க வேண்டும்.

எங்கள் சபையில் இந்த வழக்கம் 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில் தொடங்கியது. மார்ச் கடைசியில் பூட்டிய ஆலயக் கதவு மாதக்கணக்கில் பூட்டியே கிடந்தது. ஏப்ரல் 10 அன்று பெரிய வெள்ளியும், 12 அன்று ஈஸ்டரும் அவரவர் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. ஆலயப் பணியாளரின் சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் என்ன செய்வது என்று கமிட்டி திகைத்து நின்றபோது, கமிட்டி உறுப்பினர் ஒருவர் தம்முடைய சொந்த எண்ணைக் கொடுத்து, இதற்கு அனுப்பச் சொல்லுங்கள், வாரந்தோறும் கணக்கு ஒப்படைத்துவிடுகிறேன் என்று முன்வந்தார். அன்றைக்கு அது பெரிய உபகாரம். சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தவறாமல் அனுப்பினார்கள். அவரும் சொன்னபடியே வாரந்தோறும் கணக்கு ஒப்படைத்தார். ஆலயம் திறந்த பிறகும் அந்த எண்ணே தொடர்ந்தது. அதற்குரிய க்யூஆர் அட்டையை அச்சிட்டு வாசல் தூணில் ஒட்டினோம். சபையின் பெயரிலேயே கணக்குத் தொடங்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசினோம், பேசியதோடு விட்டோம். அந்தத் தவறில் பொருளாளனாகிய எனக்கே முதல் பங்கு.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் மாரடைப்பில் திடீரென்று காலமானார். வங்கி முறைப்படி அவருடைய கணக்கை நிறுத்திவைத்தது. அதில் நியமனதாரர் பெயர் பதிவாகியிருக்கவில்லை. ஆறு வாரத்துக் காணிக்கையும், அறுவடைக்கு நன்றி செலுத்தும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்த தொகையும் அந்தக் கணக்குக்குள் இருந்தன. அவருடைய மனைவி வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்து, வங்கிக்குப் பல முறை நடந்து, ஒரு ரூபாயும் குறையாமல் சபைக்குச் செலுத்தினார். ஆனால் அது முடிய ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களில் ஊரில் பேசிய பேச்சை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. பிரதிஷ்டைப் பண்டிகையின் பொது விருந்தாகிய அசனத்துக்கு வந்த அந்த அம்மா, பந்தியில் யாரோ சொன்ன ஒரு சொல்லைக் கேட்டு, இலையில் உட்காராமலே திரும்பிப் போனதை நான் பார்த்தேன். கை சுத்தமான ஒரு மனிதருக்கும் அவர் குடும்பத்துக்கும் எங்கள் அசட்டையால் நேர்ந்த அநீதி அது. நேர்மையானவர்களை இப்படிச் சந்தேகத்தில் நிறுத்தக் கூடாது என்பதற்காகவே, தனிநபர் கணக்கில் காணிக்கை வாங்குவதை எந்தச் சபையும் இன்றோடு நிறுத்த வேண்டும் என்று கேட்கிறேன். கணக்குக்குரியவர் உயிரோடு இருக்கும்போதும் அந்தப் பணம் அவருடைய வரவாகவே வங்கிப் பதிவில் தோன்றும். வருமான வரித் துறை கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

சபையின் பெயரில் கணக்குத் தொடங்குவது ஒரு நாளில் முடிகிற வேலை அன்று என்பதை அறிவேன். நிரந்தரக் கணக்கு எண், பேராயர் தலைமையிலான திருமண்டல அலுவலகத்தின் கடிதம், கையொப்பமிடுவோரைத் தீர்மானித்த கமிட்டித் தீர்மானத்தின் நகல் என்று வங்கி கேட்கும். எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. ஆனால் கணக்குத் தொடங்கிய பிறகு, பல சபைகள் அடங்கிய சேகரத்தின் குருவானவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட்டால் ஒழிய ஒரு ரூபாயும் வெளியே போகாது. வங்கியே சபையின் பெயர் அச்சிட்ட அட்டையைத் தருகிறது; ஸ்கேன் செய்தவுடன் திரையில் சபையின் பெயர் தெரியும். வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாகச் செலுத்தும் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் பெறுபவரிடம் கட்டணம் பிடிப்பதில்லை என்பதால், கொடுத்த தொகை முழுவதும் சபைக்கு வந்து சேருகிறது.

திரையில் தெரியும் அந்தப் பெயரைப் படித்துப் பார்த்த பிறகே தொகையை அழுத்த வேண்டும் என்று ஆராதனை அறிவிப்புகளோடு ஒவ்வொரு வாரமும் சொல்வது நல்லது. கடை வாசலில் இருக்கும் அட்டையின் மேல் தம்முடைய அட்டையை ஒட்டிவிட்டுப் போகும் மோசடிக்காரர்களைப் பற்றித் தங்கள் நாளிதழிலேயே செய்திகள் வந்திருக்கின்றன. இரவில் ஆள் இல்லாத ஆலய வாசல் அவர்களுக்குக் கடைவீதியைவிட வசதியானது. 2023-ஆம் ஆண்டு கேதார்நாத், பத்ரிநாத் கோயில்களில் நன்கொடைக்கான க்யூஆர் பலகைகளைக் கண்ட கோயில் குழுவினர், இவற்றை நாங்கள் வைக்கவில்லை என்று காவல் துறையில் புகார் அளித்தார்கள். பழைய ஒப்பந்தம் ஒன்றின்படி அவை வைக்கப்பட்டவை என்று பின்னர் தெரியவந்தது. அத்தனை பெரிய தலத்திலேயே வாசலில் இருப்பது யாருடைய பலகை என்று நிர்வாகத்துக்குத் தெரியாமல் போகுமானால், நம் கிராமச் சபைகள் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்! அட்டையைத் தூணில் ஒட்டுவதைவிட, ஆராதனைக்கு முன் எடுத்து வைத்து, முடிந்ததும் ஆலயத்தை ஒட்டிய அறையாகிய வெஸ்ட்ரியின் அலமாரியில் பூட்டி வைப்பதே பாதுகாப்பு.

அடுத்தது, என் மனத்தை அதிகம் வருத்துவது. காணிக்கைப் பையைத் தைத்தவர்கள் அதை ஏன் அவ்வளவு ஆழமாகத் தைத்தார்கள் என்று நாம் யோசித்துப் பார்த்திருக்கிறோமா? கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டு எடுப்பதால், போட்டது ஐந்நூறு ரூபாய்த் தாளா, ஐந்து ரூபாய் நாணயமா, அல்லது அந்த வாரம் இல்லாமையால் வெறுங்கையா என்பது பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கும் தெரியாது. வலது கை செய்வதை இடது கை அறியலாகாது என்ற ஆண்டவருடைய போதனைக்கு நம் முன்னோர் துணியில் கொடுத்த வடிவம் அது. சங்கக் காணிக்கை வேறு. அது குடும்பவாரியாகப் பதிவேட்டில் எழுதி, ரசீது கொடுத்து வாங்குவது. அதில் மறைவுக்கு இடமில்லை, வேண்டியதும் இல்லை. ஞாயிறு ஆராதனைக் காணிக்கை அப்படிப்பட்டதன்று.

சென்ற ஆண்டு, உறவினர் வீட்டுக்குப் போன இடத்தில், வேறொரு ஊர் ஆலயத்துக்கு ஆராதனைக்குச் சென்றேன். வராந்தாவில் மேஜை போட்டு, க்யூஆர் அட்டையையும் அதனருகே கடைகளில் இருப்பது போன்ற சவுண்ட் பாக்ஸையும் வைத்திருந்தார்கள். ஒருவர் செலுத்தியவுடன் அந்தப் பெட்டி ஐந்நூறு ரூபாய் வந்தது என்று உரக்கச் சொன்னது. அடுத்தவருக்கு இரண்டாயிரம் என்றது. எனக்கு முன்னால் நின்றவர் கட்டட வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும்; விரல் நகங்களில் சிமென்ட் படிந்திருந்தது. கைப்பேசியைக் கையில் எடுத்தவர், அந்தக் குரலைக் கேட்டதும் சட்டைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே போய்விட்டார். ஏழை விதவை போட்ட இரண்டு காசுகளை எல்லாரிலும் அதிகமென்று மதித்தவரை ஆராதிக்கப் போகிற வழியில், ஓர் ஏழை மனிதரை நாம் வெட்கப்படுத்தி அனுப்புகிறோம். சவுண்ட் பாக்ஸ் கடைக்காரருக்குத் தேவையான கருவி. கூட்ட நெரிசலில் பணம் வந்ததா என்று அவர் அறிந்தாக வேண்டும். ஆலய வாசலில் அதற்கு என்ன வேலை இருக்கிறது?

பெட்டியை எடுத்துவிட்டாலும் இன்னொன்று மிஞ்சுகிறது. செலுத்தியவரின் பெயர், தேதி, மணி, தொகை அத்தனையும் வங்கி அறிக்கையில் வரிசையாக இருக்கின்றன. எந்தக் குடும்பம் எத்தனை வாரம் கொடுத்தது, எத்தனை கொடுத்தது என்பதைப் பொருளாளர் விரும்பாவிட்டாலும் அறிந்துகொள்கிறார். நான் பொறுப்பில் இருந்த கடைசி ஆண்டுகளில் எனக்கே அது பாரமாக இருந்தது; ஆலயத்தில் ஒருவர் முகத்தைப் பார்த்ததும் அவருடைய தொகை நினைவுக்கு வருவது நல்ல அனுபவமன்று. சில சபைகளில் அந்த அறிக்கையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவிலேயே போடுகிறார்கள் என்று அறிகிறேன். கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். என்றாலும் சபைக்குத் தெரிய வேண்டியது மொத்தத் தொகை மட்டுமே. சபைத் தேர்தல் காலத்தில் அந்தப் பட்டியல் எப்படியெல்லாம் பயன்படும் என்பதை எங்கள் பகுதியில் வாழ்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பையில் விழுந்த காணிக்கையை ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரியில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து எண்ணி, பதிவேட்டில் எழுதி, கையொப்பமிடுவது நம் பழைய ஒழுங்கு. கைப்பேசி வழியாக வருவதை இப்படி யாரும் எண்ணுவதில்லை. யார் கைப்பேசியில் செய்தி வருகிறதோ அவருக்கு மட்டுமே தெரியும். எனவே ஒவ்வொரு திங்கட்கிழமையும் பொருளாளரும் கமிட்டியில் இன்னொருவரும் சேர்ந்து வங்கி அறிக்கையைப் பார்த்து, பெயர்களை விட்டுவிட்டு அந்த வாரத்து மொத்தத்தை மட்டும் அதே பதிவேட்டில் பைக் காணிக்கைக்கு அடுத்த வரியில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். எங்கள் சபையில் இப்போது இப்படித்தான் நடக்கிறது; பத்து நிமிட வேலை.

வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமக்கள் தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் காணிக்கை வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. ஆனால் அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் நம் ஊரில் ஞானஸ்நானம் பெற்றவராகவே இருந்தாலும், அது 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வருகிறது. அதற்கென்று பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புகள் மட்டுமே அதைப் பெற முடியும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, புதுடெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் அதை முதலில் பெறவும் வேண்டும். ஊர் ஆலயத்துக்குப் புதிய மணிக்கூண்டு கட்ட வேண்டும் என்ற ஆசையில், க்யூஆர் படத்தை உலகெங்கும் உள்ள உறவினர் குழுக்களுக்கு அனுப்பிவைக்கும் இளைஞர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். வரிச் சலுகைக்கு ரசீது கேட்பவர்களும் உண்டு. வழிபாட்டுக்கென்று கொடுக்கும் காணிக்கைக்கு நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை பொதுவாகக் கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 2022 முதல் ரூபே கடன் அட்டையையும் யுபிஐயில் இணைக்க முடிகிறது. வட்டிக்கு நிற்கும் பணத்தைக் காணிக்கையாகச் செலுத்த வேண்டாம் என்று நம் இளைய தம்பதிகளுக்கு யாராவது அன்போடு எடுத்துச் சொன்னால் மகிழ்வேன்.

இவ்வளவும் எழுதுவதால் கைப்பேசிக் காணிக்கையை நான் மறுக்கிறேன் என்று யாரும் கொள்ள வேண்டாம். சில்லறை தேடி அலைய வேண்டியதில்லை. வாரக்கடைசியில் ஊருக்கு வர முடியாத செவிலியரும் ஓட்டுநரும் தம் பங்கைச் செலுத்த முடிகிறது. ஆனால், அது வந்துவிட்டது என்பதற்காகப் பையைச் சுற்றிக் கொண்டுபோவதை நிறுத்தலாம் என்று சில கமிட்டிகளில் பேசப்படுவதாகக் கேள்விப்பட்டபோது திடுக்கிட்டேன். பட்டன் கைப்பேசியிலும் யுபிஐ செலுத்தும் வசதி 2022-இலேயே வந்துவிட்டது என்பார்கள். எங்கள் ஊரில் அதைப் பயன்படுத்தும் ஒரு மூதாட்டியையும் நான் கண்டதில்லை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்துச் சபைக்குக் கொண்டுவந்து கொடுத்த பெண்களின் பேத்திகள் இவர்கள். வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் 1903-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சபையார் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பியது இப்படிப்பட்ட சிறு காணிக்கைகளின் பலத்தால்தான். சேலை முந்தானையில் முடிந்து கொண்டுவரும் பத்து ரூபாயை வாங்கிக்கொள்ள ஒரு பை அவர்கள் இருக்கும் வரிசைக்கு வர வேண்டும்.

அறுப்பின் பண்டிகைகள் தொடங்குவதற்கு முன், தனிநபர் எண்களில் காணிக்கை பெறுவதைத் தடைசெய்தும், சபைகள் கணக்குத் தொடங்குவதற்கு வேண்டிய கடிதங்களைத் தாமதமின்றி வழங்கியும், கொடுத்தவர்களின் பெயர்ப்பட்டியலை வெளியிடக் கூடாது என்று அறிவுறுத்தியும் திருமண்டல நிர்வாகங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். மற்றத் திருச்சபைகளில் பொருளாளர்களாக இருக்கும் வாசகர்கள், தங்கள் சபையில் இதை எப்படி நடத்துகிறார்கள் என்று எழுதினால் எங்களுக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
முன்னாள் சபைப் பொருளாளர்,
தூத்துக்குடி மாவட்டம்.