தோலடி எச்.ஐ.வி. தடுப்புக் குச்சிகள்: கொழும்பிலுள்ள மருத்துவ ஆய்வு அறநெறிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை மாதக்கணக்கில் மெல்லக் கசியவிடும் தோலடிக் குச்சிகளை இங்கு பரிசோதிக்க அனுமதி கோரும் விண்ணப்பம் என்றேனும் உங்களிடம் வருமாயின், குச்சியைச் சூழ்ந்த இழையத்துக்கு என்ன நேர்கிறது என்பதையே முதலில் கேட்குமாறு வேண்டுகிறேன்.

நமது குடும்பத்திட்டமிடல் கிளினிக்குகளில் மேற்கையில் பொருத்தப்படும் ஹோர்மோன் குச்சிகளைச் சுட்டி, இதுவும் அத்தகையதே என்று விண்ணப்பதாரர் வாதிடக்கூடும். அதனை ஏற்க வேண்டாம். உடலுக்குள் வைக்கப்படும் எந்த அந்நியப் பொருளைச் சுற்றியும் மெல்லிய நார்ப்படலம் உருவாவது இயல்பே. ஆனால் டெனோபோவிர் அலபெனமைட் போன்ற எச்.ஐ.வி. மருந்து கலங்களுக்குள் புகுந்து, அங்கேயே உருமாறித் தேங்குவதால், குருதியில் அதன் அளவு சொற்பமாக இருக்கும்போதே குச்சியை அண்டிய இழையம் பெருமளவு மருந்தைத் தாங்க நேரிடுகிறது. 2020 இல் வெளியான ஆய்வொன்றில், இம்மருந்தைக் கொண்ட பொலியூரிதேன் குச்சிகள் முயல்களிலும் மக்காக் குரங்குகளிலும் அழற்சியோடு நில்லாமல் இழைய இறப்பையும் ஏற்படுத்தின. ஆகவே, மருந்தில்லாத வெற்றுக் குச்சியுடன் ஒப்பிட்ட நுணுக்குக்காட்டிப் பரிசோதனை முடிவுகள் இணைக்கப்படாத விண்ணப்பம் திருப்பியனுப்பப்பட வேண்டும். (குச்சியாகவும் ஆராயப்பட்ட இன்னொரு எச்.ஐ.வி. மருந்தான இஸ்லாட்ராவிரின் பரிசோதனைகள் 2021 டிசம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது நிணநீர்க்குழியங்கள் எனும் வெண்குருதிக்கலங்கள் குறைந்தமையால், அது வேறு விடயம்.)

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. பொருத்திய இடத்து எதிர்விளைவுகளைத் தரம்பிரிக்கும் அட்டவணைகள் தோல் சிவத்தலைப் பெரிதும் நம்புகின்றன. நம்மவர் பலரின் தோலில் அந்தச் சிவப்பு வெறும் கருமையாகத் தெரியலாம், கண்ணுக்கே தப்பியும் போகலாம். பதிவேட்டில் "எதிர்விளைவு இல்லை" என்றே எழுதப்பட்டுவிடும். தொட்டறியும் சூடு, மில்லிமீற்றரில் அளந்த தடிப்பு, வலி, தழும்பு மிகைத்து வளரும் இயல்பு ஆகியவை தனித்தனியே பதிவாக வேண்டும்.

எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கப் போடப்படும் நீடித்த கபோடெகிராவிர் ஊசியை ஏற்றியபின் திரும்ப எடுக்க வழியில்லை. கடைசி ஊசிக்குப் பின் ஓராண்டுக்கு மேலும் அது உடலில் தங்கலாம். குச்சியின் பெருமையே அதை அகற்றலாம் என்பதுதான். எனினும், வீங்கி ஒட்டிப்போன இழையத்திலிருந்து அதை அகற்றுவது யார், எங்கே, யார் செலவில்? கொட்டாஞ்சேனையில் நெருக்கமான தோட்டக் குடியிருப்பொன்றில் வாழும் பெண்ணின் கையில் வீக்கம் தெரிந்தால், அயலவரின் கேள்விக்கு அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும், எச்.ஐ.வி. என்ற பெயரே இங்கு ஒருவரை ஒதுக்கப் போதுமானது. அகற்றும் இடம், அதன்பின் வழங்கப்படும் தடுப்பு மாத்திரை, காயம் ஆறும்வரையான பின்தொடர்தல் ஆகிய மூன்றும் எழுத்தில் உறுதிசெய்யப்படாதவரை அனுமதி வழங்காதீர்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.