பூட்ஸ் இல்லாத பிள்ளைகளையும் உள்ளே விடுங்கள்

பெங்களூரில் எங்கள் பகுதி விளையாட்டுத் திடலை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கன்னடத்தில் எழுதி, தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கிக் கொடுத்த மனு ஏற்கெனவே உங்கள் மேசையில் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெண்களும் பழைய ஆட்டக்காரர்களும் நாங்கள் என்ன கேட்டோம் என்று தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் அதையே இங்கே தமிழிலும் எழுதுகிறேன். எந்தத் திடல், எந்தக் கதவு, எப்போது பூட்டு விழுந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

கேட்பது இதுதான். மாலை நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை, கட்டணம் இல்லாமல், திடலை இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு விடுங்கள். பூட்ஸ் இல்லை என்று எந்தப் பிள்ளையையும் வாசலில் நிறுத்தாதீர்கள்.

செயற்கைப் புல் போட்ட பிறகு வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. செல்போனில் பணம் கட்டி நேரம் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அனுமதி, பூட்ஸ் கட்டாயம் என்று அதில் எழுதியிருக்கிறது. எங்கள் கால்பந்துச் சங்கத்தில் ஆடும் பையன்களில் ஓர் அண்ணன், தம்பி இருக்கிறார்கள். அப்பா பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறவர். வீட்டில் இருப்பது ஒரே ஜோடி பூட்ஸ், அதுவும் அண்ணன் அளவுக்கு வாங்கியது. போன வாரம் சங்கத்துக் காசில் ஒரு மணி நேரம் பதிவு செய்து பையன்களைக் கூட்டிப் போனோம். முதல் அரை மணி அண்ணன் ஆடினான். அப்புறம் வேலிக்கு வெளியே வந்து, மண்ணில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்தான். சின்னவன் முன்பக்கம் பழைய துணியைத் திணித்து, கயிற்றைக் கணுக்காலில் இரண்டு சுற்று சுற்றிக் கட்டி முடிப்பதற்குள் ஐந்து நிமிடம் போய்விட்டது. உள்ளே ஓடிப் பந்தை உதைத்தான், பந்தோடு பூட்ஸும் பறந்தது. காவலாளி உடனே விசில் ஊதி அவனை வெளியே அனுப்பினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பலகையில் உள்ளதைத்தான் செய்தார். அந்தப் பலகையை எழுதச் சொன்னவர்கள் மேல்தான் கோபம். அதை அடக்கிக்கொண்டுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

இந்த ஊரின் கால்பந்து யார் காலில் வளர்ந்தது என்று உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 1809இல் பெங்களூரில் தண்டு, அதாவது வெள்ளைக்காரப் பட்டாளத்தின் குடியிருப்பு, அமைந்தபோது, பட்டாளத்தோடும் பட்டாளத்துக்கு வேலை செய்யவும் வந்து அல்சூர் பக்கம் குடியேறியவர்களின் பிள்ளைகள் நாங்கள். சிப்பாய்கள் ஆடியதைப் பார்த்துப் பழகிய ஆட்டம் இது. 1937இல் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்திய அணி எங்கள் ஊரின் பெங்களூர் முஸ்லிம்ஸ். அடுத்த ஆண்டும் அவர்களே வென்றார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா ஆடியபோது நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலானோர் காலில் பூட்ஸ் இல்லை. இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 2-1 என்று தோற்ற அந்த ஆட்டத்தில், ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோலை அடித்தவர் பெங்களூர்க்காரரான சாரங்கபாணி ராமன். உங்கள் பலகை அன்றைக்கு அங்கே தொங்கியிருந்தால் அந்த அணியில் பாதிப்பேர் திடலுக்குள் போயிருக்க முடியாது.

1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடிய அருமைநாயகம் இந்த ஊர்க்காரர். எழுபதுகளில் கல்கத்தாவின் மோகன் பகான் அணிக்கு ஆடிய உலகநாதனும் இங்கிருந்து போனவர்தான். அல்சூர் பக்கத்துக் கௌதம்புரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பிரேசில் ஆட்டக்காரர் பெலேவுக்கும் சிலை இருக்கிறது. காலுறைக்குள் காகிதத்தைத் திணித்துப் பந்தாக்கி ஆடிய ஏழைப் பையன் அவர். அதனால்தான் எங்கள் மக்கள் அவரைத் தங்களில் ஒருவராக நினைக்கிறார்கள்.

எங்கள் சங்கம் அவ்வளவு பெரிய பேர் வாங்கியது அல்ல. மாநில லீக்கில் சி டிவிஷனுக்கும் பி டிவிஷனுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் சங்கம். சம்பளம் வாங்கி ஆடியவர் ஒருவரும் கிடையாது. ஆட்டோ ஓட்டுகிறவர், பந்தல் போடுகிறவர், தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர் என்று மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத்தான் பந்தும் பனியனும் வாங்குகிறோம். விமானம் செய்யும் எச்.ஏ.எல்., டெலிபோன் செய்த ஐ.டி.ஐ. போன்ற தொழிற்சாலைகள் அணி வைத்திருந்த காலத்தில், நன்றாக ஆடும் பையனுக்கு அங்கே வேலை கிடைக்கும். அவன் வாங்கிய சம்பளத்தில் தங்கைகளுக்குக் கல்யாணம் நடந்த வீடுகளை என்னால் காட்ட முடியும். இப்போது அந்த வழியும் குறுகிவிட்டது. மிச்சம் இருந்தது திடல் ஒன்றுதான்.

2023 மார்ச்சில் சவூதியின் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையைக் கர்நாடகம் கொண்டுவந்தது. அதற்கு முன் இந்த மாநிலம் அதை வென்றது மைசூர் என்ற பெயரில், அந்த வெற்றிக்கு 54 ஆண்டுகளுக்கு முன்னால். ஏன் இவ்வளவு இடைவெளி என்று பேசுகிறவர்கள், காலி இடமெல்லாம் எங்கே போனது என்று ஒருமுறையாவது கேட்க வேண்டாமா? ஏரிக்கரை வேலிக்குள் போயிற்று, பள்ளி மைதானம் வண்டி நிறுத்துமிடமாயிற்று, மூலையில் இருந்த மண் திடலில் அடுக்குமாடி வந்தது. பந்து உருள நிலம் இல்லாத ஊரில் ஆட்டக்காரன் எங்கிருந்து வருவான்?

சரி, ஊர்க்கதை முழுவதையும் உங்கள் தலையில் சுமத்துவது நியாயம் இல்லை. எங்கள் திடலுக்கே வருகிறேன். செயற்கைப் புல் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மழைக்குச் சேறாகாமல் இருப்பது நல்லதுதான். வெறுங்காலில் ஆடினால் சூடு தாங்காது, தோல் உரியும் என்று உங்கள் பக்கம் சொன்னார்கள். அந்தக் கவலை உண்மையானதே. அப்படியானால் நான்கு மணிக்குத் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். பல அளவுகளில் பூட்ஸ் வாங்கித் திடலிலேயே வையுங்கள், பிள்ளைகள் போட்டு ஆடிவிட்டுத் திருப்பி வைக்கட்டும். கணக்கு எழுதவும் கழுவிக் காயவைக்கவும் எங்கள் சங்கத்து ஆட்கள் முறைபோட்டு வருவார்கள். பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்றால், ஆறு மணிக்குப் பிறகு விளக்கு வெளிச்சத்தில் ஆட வரும் அலுவலகக்காரர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களால் கொடுக்க முடியும். பெயின்ட் அடிக்கிறவரின் பிள்ளைகளால் முடியாது.

தயவுசெய்து அந்த இரண்டு மணி நேரத்தை எங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் அடுத்த காவலாளிக்கு அது தெரியாமல் போகும். பலகையில் எழுத வேண்டும். நான்கு முதல் ஆறு வரை இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு இலவசம் என்ற வரி அதில் வந்தால் போதும். பேசுவதற்கு எப்போது கூப்பிட்டாலும் வருகிறோம். மாலை நான்கு மணிக்குக் கூப்பிட்டால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே வருகிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் சார்பில், ஒரு பழைய ஆட்டக்காரன்