குருமடம் போகுமுன் தனியே தங்கும் பிள்ளைகளுக்குத் துணைநின்ற உங்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். கத்தோலிக்கக் குருக்களாக விரும்புவோர் பயிற்சி பெறும் இல்லமான குருமடத்தில் சேரத் தேதி கிடைத்தும் கிடைக்காமலும், பழக்கமில்லாத நகரத்தில் ஓர் அறை எடுத்துத் தனியே தங்கும் இளைஞர்களை நீங்கள் நன்றாக அறிவீர்கள். சிலர் வேலை பார்த்தபடி காத்திருப்பார்கள், சிலர் கல்லூரிப் படிப்பின் கடைசித் தேர்வை முடிக்க வந்திருப்பார்கள். குருமடத்துக்குள் நுழைந்தபின் நடப்பதற்கெல்லாம் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆயர்களின் பொறுப்பில் உள்ள மறைமாவட்டங்களில் குருமடம் வேண்டும் என்று, ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1563இல் ஆணையிட்டது. 2016இல் வெளிவந்த குருத்துவப் பயிற்சிக்கான அடிப்படை விதிமுறையோ, பயிற்சியின் முதல் கட்டமான ஆயத்த நிலை ஓராண்டுக்குக் குறையாமலும் ஈராண்டுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்று கால அளவையே வகுத்திருக்கிறது. வாசலுக்கு வெளியே கழியும் மாதங்களுக்குத்தான் அப்படி எதுவும் இல்லை. அந்த மாதங்களைத் தாங்கிப் பிடித்தவர்கள் நீங்கள். அதிலும், நீங்களே செய்து கொடுத்துவிடாமல், செய்யக் கற்றுக்கொடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றீர்கள். அதற்காகவே இந்த மடல்.

வீடு கொடுத்தவர்களே, உங்களிடமிருந்து தொடங்குகிறோம். தனியாள் என்று தெரிந்தும், சில மாதங்களில் காலி செய்வார் என்று தெரிந்தும் சாவியைக் கொடுத்தீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இளைஞர்களை உட்காரவைத்து வரிவரியாக வாசிக்கச் சொன்ன உங்களில் சிலருக்குத் தனி நன்றி. முன்பணம் எந்த நிபந்தனையில் திரும்பி வரும், காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும், குழாயோ தாழ்ப்பாளோ பழுதானால் செலவு யாருடையது ஆகிய மூன்றும் எழுத்தில் இருந்தால் பிற்பாடு மனத்தாங்கல் வராது. குருமடம் போகிறவருக்கு நான்காவதாக ஒரு வரி தேவை: சேரும் தேதி முன்னே பின்னே ஆனால், குறித்த காலம் முடியும் முன்பே அபராதமின்றி வெளியேறலாம், அல்லது அதன்பின் மாதக்கணக்கில் நீட்டிக்கலாம் என்ற வரி. அதைத் தாங்களாகவே சேர்த்துக் கொடுத்த வீட்டுக்காரர்கள் உண்டு. குடிபோகும் நாளில் மின்மீட்டர், தண்ணீர் மீட்டர் இரண்டின் அளவையும் குறித்து இருவரும் கையெழுத்திடுவதும், சுவரில் ஏற்கெனவே உள்ள கீறலையும் கறையையும் தேதியோடு படம் எடுத்துவைப்பதும் சந்தேகப் பிராணிகளின் வேலை அல்ல, நட்பைக் காக்கும் வழி என்பதையும் நீங்கள்தான் புரியவைத்தீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், கூப்பிட்ட குரலுக்கு வந்த மின்பணியாளர்களுக்கும் நன்றி. 2000 வாட் கெட்டிலையும் 1500 வாட் இஸ்திரிப் பெட்டியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் 230 வோல்ட்டில் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பெட்டியோ 6 அல்லது 10 ஆம்பியருக்குச் செய்ததாக இருக்கும். உடனே ஒன்றும் ஆகாது, மெல்ல மெல்லச் சூடேறி உள்ளே இளகும், அதனால்தான் ஆபத்து. பெட்டியின் பின்புறம் பொறித்திருக்கும் எண்ணைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தீர்கள். சிலிண்டர் வாயு கசிகிறதா என்று தீக்குச்சி கொளுத்திப் பார்க்கக் கூடாது, சோப்புத் தண்ணீரை இணைப்பில் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வாடை அடித்தால் ரெகுலேட்டரை மூட வேண்டும், எந்தச் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது, வெளியே வந்தபின்தான் போன் செய்ய வேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ஆகவே ஜன்னலோடு கதவையும் திறக்க வேண்டும். அவசரத்துக்கு என்று மாற்றுச் சாவி ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டு, அழைக்காமல் ஒருநாளும் அதைப் பயன்படுத்தாத உங்கள் கண்ணியத்தையும் சொல்லியாக வேண்டும்.

சமையலில் கைகொடுத்தவர்கள் ஒரு விதியையே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள், அது போதுமானதாக இருந்தது. இரண்டு வேளைக்குச் சமை, ஒரு பங்கை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வை, சாப்பிடுமுன் ஆவி பறக்கச் சூடாக்கு, மறுபடி மிச்சம் வைக்காதே. சமைத்த உணவு இரவு முழுதும் வெளியில் கிடந்தால், வெப்பத்தில் சாகாத சில நுண்ணுயிர் வித்துகள் பெருகி நஞ்சு உண்டாக்கும். அந்த நஞ்சு காலையில் சுடவைத்தாலும் போகாது.

ஓர் ஆலயத்தைச் சேர்ந்த இறைமக்கள் சமூகத்தைப் பங்கு என்பார்கள்; அந்தப் பங்கு அலுவலகங்களில் பணிபுரிவோருக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். விண்ணப்பங்கள் தாமதமாவது பெரும்பாலும் ஆர்வக் குறைவால் அல்ல, காகிதத்தால். திருச்சபைச் சட்டம் எண் 241, குருமடத்தில் சேர்பவர் திருமுழுக்கு (ஞானஸ்நானம்), அதை உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல் ஆகியவற்றின் சான்றுகளைத் தர வேண்டும் என்கிறது. குழந்தையாக இருந்தபோது வாங்கி லேமினேட் செய்துவைத்த சான்றிதழை எடுத்துவருகிறார்கள், அது ஏன் செல்லாது என்று பலருக்குப் புரிவதில்லை. திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரக் குறிப்பில்தான் ஒருவருடைய உறுதிபூசுதல், திருமணம், குருத்துவம், துறவற நித்திய வாக்கு எல்லாம் பின்னர் பதியப்படுகின்றன. எண் 535இன்படி அந்தக் குறிப்புகள் சான்றிதழிலும் வர வேண்டும். பழைய தாளில் அவை இருக்க முடியாது. எனவே அண்மையில், ஓரக் குறிப்புகளோடு எழுதிய புதுச் சான்றே வேண்டும். அடுத்த சிக்கல், வேறு பங்கில் உறுதிபூசுதல் பெற்றவர்களுக்கு வருவது. அந்தச் செய்தியைத் திருமுழுக்கு நடந்த பங்குக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், பல நேரம் கடிதம் போயிருக்காது, பதிவேட்டில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். இரு பங்குகளுக்கும் எழுதி, பதிவேட்டைச் சரிசெய்து, பிறகு சான்று தருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதை முகம் சுளிக்காமல் செய்தீர்கள்.

பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் திருமுழுக்கில் ஒரு பெயரும் இருந்தால், இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை எப்போதும் கூடவே வைக்கச் சொன்னதும் உங்களில் ஒருவர்தான். பெயரின் எழுத்து, முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் எல்லாத் தாள்களிலும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஓர் அரைமணி வேலை. அதைச் செய்யாமல் விட்டால் ஓராண்டே தள்ளிப்போகலாம். முன்பு வேறொரு குருமடத்திலோ துறவற இல்லத்திலோ இருந்து வெளியேறியவர், அங்குள்ள பொறுப்பாளரிடமிருந்து வெளியேறிய காரணம் குறித்த சாட்சியக் கடிதம் பெற வேண்டும் என்பதும் அதே எண் 241இல் உள்ளதுதான். மறைத்தால் கதவு மூடும். சொன்னால் பெரும்பாலும் மூடாது. இதை அச்சமூட்டாமல் எடுத்துச் சொன்ன பங்குத்தந்தையர்க்கு எங்கள் வணக்கம்.

ஆன்ம வழிகாட்டிகளே, குருமடத்து நேர அட்டவணையை முதல் நாளிலேயே அறைச் சுவரில் ஒட்டியவர்களை நீங்கள் மென்மையாகத் தடுத்தீர்கள். அதிகாலையில் துயிலெழுதல், தியானம், திருப்பலி, எல்லா வேளை மன்றாட்டும் என ஒரே மூச்சில் தொடங்குபவர் இரண்டாம் வாரத்தில் களைத்துவிடுவார். களைப்பைவிட வெட்கம் பெரிது, அதனால் எல்லாவற்றையும் விட்டுவிடுவார். மணியடிக்க ஆளில்லாத அறையில், உடன் எழுந்து வரும் குழுவும் இல்லாதபோது, ஒழுங்கைச் சிறிதாகத்தான் தொடங்க வேண்டும். வேளை மன்றாட்டுகளில் முதலில் காலைப் புகழும் இரவு மன்றாட்டும் மட்டும், அவை ஊன்றியபின் மாலைப் புகழ், அதன்பின் இறைவார்த்தையோடு அமைதியாக இருபது நிமிடம். படுக்கும் நேரத்தை உறுதிசெய்தால் எழும் நேரம் தானே வரும் என்று சொன்னது மிகவும் பயன்பட்டது.

அந்த வேளை மன்றாட்டுகள் அடங்கிய திருப்புகழ்மாலைப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல், பக்கத்தைக் கண்டுபிடிக்கவும் பழக்கினீர்கள். தனியாகச் செபிப்பவர் கைவிடுவதற்கு அதிகமாகக் காரணமாவது பக்தியின்மை அல்ல, பக்க அடையாள நாடாவை எங்கே வைப்பது என்ற குழப்பம். திருப்பாடல்கள் நான்கு வாரச் சுற்றில் அமைந்தவை. பெருவிழாக்களை ஒட்டிய சிறப்புக் காலங்கள் அல்லாத பொதுக்காலத்தில் அன்றைய வார எண்ணை நான்கால் வகுத்து மீதியைப் பார்த்தால் போதும். 19ஆம் வாரம் என்றால் மீதி 3, ஆகவே மூன்றாம் வாரத் திருப்பாடல்கள். மீதி இல்லையென்றால் நான்காம் வாரம். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு, உயிர்ப்புக்கு முந்தைய தவக்காலத்தின் முதல் ஞாயிறு, உயிர்ப்பு ஞாயிறு ஆகியவற்றில் சுற்று மீண்டும் முதல் வாரத்திலிருந்து தொடங்கும். ஞாயிறு என்பது சனிக்கிழமை மாலைப் புகழிலேயே தொடங்கிவிடுகிறது, புதிதாகப் பழகுவோர் தவறுவது அங்கேதான். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2865 பத்திகள். நாளுக்கு எட்டு வாசித்தால் ஓராண்டுக்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவருக்கும் நன்றி.

இனி, வீட்டில் இருக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும். உங்கள் உதவி வெளியில் தெரியாத வகை. தனியே இருப்பவருக்குக் கனமான நேரம் ஞாயிறு பிற்பகலும், வேலை முடிந்து திரும்பும் முன்னிரவும். அந்த வெறுமையைத் தினமும் நீண்ட போன் பேச்சால் நிரப்பிவிட்டால் உடலளவில் இடம் மாறியிருப்பார், மனம் வீட்டிலேயே இருக்கும். வாரத்துக்கு இரண்டு நாள், இன்ன நேரம் என்று வைத்துக்கொண்டீர்கள். குறித்த நாளில் அழைப்பு வராவிட்டால் மட்டும் நீங்கள் அழைத்தீர்கள். பிள்ளையின் குரல் கேட்க எவ்வளவு ஏங்கியிருப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். அந்த ஏக்கத்தை நீங்கள் அடக்கிக்கொண்டதால்தான் அவர்கள் அந்த நேரங்களைத் தாங்களே கடக்கப் பழகினார்கள். இரவில் போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடச் சொல்லி, எழுப்ப ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்கித்தந்த அக்காமார்களையும் மறக்கவில்லை.

தனியே இருப்பதால் வரும் வருத்தம் வேறு, நோய் வேறு என்று பிரித்துக் காட்டிய மருத்துவர்களே, உங்கள் பங்கு பெரியது. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் தூக்கம் கெட்டு, பசி மாறி, எதிலும் நாட்டமில்லாமல் மனம் தாழ்ந்தே இருந்தால் அதை விசுவாசக் குறைவு என்று எண்ணி மறைக்கக் கூடாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது, அன்றே ஒருவரிடம் சொல்ல வேண்டும். சிகிச்சை எடுத்தால் குருமடம் சேர்க்காது என்ற பயத்தில் மாத்திரையைத் தாமாக நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள், பல மருந்துகளைத் திடீரென நிறுத்துவது உடலையும் மனத்தையும் உலுக்கிவிடும். சேர்க்கைக்கு உளவியல் மதிப்பீடு இருந்தால், 2008இல் வத்திக்கான் வெளியிட்ட நெறிமுறைகளின்படி அது விண்ணப்பிப்பவரின் முழு விருப்பத்தோடும் தெளிவான ஒப்புதலோடும் நடக்க வேண்டும். முடிவை யாரிடம் சொல்லலாம் என்பதற்கும் அவருடைய ஒப்புதல் வேண்டும். இதை எடுத்துச்சொன்ன உளவியலாளர்கள் பலருடைய நெஞ்சிலிருந்த பாரத்தை இறக்கினீர்கள்.

பங்கு மக்களே, புதிதாக வந்தவரை முதல் வாரத்திலேயே பாடகர் குழு, இளையோர் இயக்கம், மறைக்கல்வி என்று எல்லாவற்றுக்கும் இழுத்துவிடாமல், ஆலயத்தைக் கூட்டும் வேலையை மட்டும் கொடுத்தீர்களே, அது எவ்வளவு நல்லது! சிறுவர்களோடு பணியாற்ற விரும்பியவரிடம், பின்னணிச் சரிபார்ப்பு முடியட்டும், எப்போதும் இன்னொரு பெரியவர் உடனிருக்கட்டும் என்று தயங்காமல் சொன்னீர்கள். பிள்ளைகளுக்கும் அவருக்கும் அது காப்பு.

கடன் வேண்டாம் என்று கண்டித்த அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. கட்டில், மேசை, நாற்காலி எல்லாம் குருமடத்தில் பொதுவாக இருக்கும். ஒரு மூடியுள்ள பாத்திரம், ஒரு வாணலி, ஒரு கத்தி, விருந்தாளிக்கும் சேர்த்து இரண்டு தட்டு, இவ்வளவே போதும். தவணைக்கு வாங்கிய பொருள் சேரும் நாளைத் தாண்டியும் துரத்தும், வருமானம் நின்றபின் அதைக் கட்டப்போவது பெற்றோர்தான். போன் திட்டம், சந்தா எதுவானாலும் முடிவுத் தேதியைப் பார்த்த பிறகே கையெழுத்து என்று நீங்கள் வைத்த கட்டுப்பாட்டால் பலர் கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணத்தோடும், தலையில் பாரமின்றியும் உள்ளே போனார்கள்.

கடைசி வாரத்தில் வந்து நின்றவர்களுக்கும் நன்றி: மீட்டரை மறுபடி குறித்தவர்கள், முகவரி மாற்றத்தை வங்கிக்கும் தபால் அலுவலகத்துக்கும் எழுதச் செய்தவர்கள், பாத்திரங்களை வாங்கிக் கழுவித் துடைத்துப் பெட்டியில் அடுக்கி, அடுத்து வரும் பிள்ளைக்கு என்று எழுதி வைத்தவர்கள். அந்தப் பெட்டிகளில் சில இப்போது எங்களிடம் இருக்கின்றன. இந்த ஆண்டு வருபவர்களுக்கு அவற்றைக் கொடுக்கப் போகிறோம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் புதிதாக வாங்கிச் சேர்த்திருக்கிறோம்.

அன்புடனும் செபத்துடனும்,
இறையழைத்தல் தேடும் இளைஞர்களுக்கு உடன்நிற்போர்