எரிமலைச் சரிவில் நம் கோயில்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

முருகன் அருளால் மலைப் படிக்கட்டு, முன் மண்டபம், மழைநீர் வடிகால் ஆகிய மூன்று வேலைகளும் முடிந்து, குடமுழுக்கும் நல்லபடியாக நடந்துவிட்டது. கணக்கைத் தணிக்கை செய்து தனித் தாளாக இத்துடன் வைத்திருக்கிறோம். அதைப் பார்க்கிறவர்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். அஸ்திவாரத்துக்கு ஏன் இவ்வளவு செலவு? ஒரு வருடத்தில் முடியும் என்று சொன்னது ஏன் இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது? நாம் கட்டியது எரிமலையின் மேல் என்பதுதான் இரண்டுக்கும் பதில். இந்த மொரீஷியஸ் தீவே எரிமலை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கடப்பாரை இறங்கியபோதுதான் அது என்னவென்று எங்களுக்குத் தெரிந்தது. அதனால் கணக்கோடு சேர்த்து இந்த மண்ணைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

கோயிலுக்கு மேலே போகும் சாலை எங்கே போகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிவராத்திரிக்கு லட்சக்கணக்கானவர்கள் காவடி சுமந்து, வெள்ளை உடுத்தி நடந்து போகிற கங்கா தலாவ் அது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில், ஓய்ந்துபோன ஒரு எரிமலையின் வாயில் தேங்கிய ஏரி. 1897-ல் திரியோலே ஊரைச் சேர்ந்த ஒரு பூசாரி, இந்த ஏரித் தண்ணீர் கங்கையோடு சேர்ந்திருப்பதாகக் கனவு கண்டார். அடுத்த வருடமே மக்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். 1972-ல் கங்கையிலிருந்து நீர் கொண்டுவந்து இதில் கலந்தார்கள். சிவன் தலையில் கங்கையைத் தாங்கி இந்தத் தீவில் இறங்கியபோது சிந்திய துளிகள்தான் ஏரி என்பது கதை. ஆளில்லாத தீவில் சிந்திவிட்டதே என்று கங்கை வருந்த, உன் கரையில் வாழ்கிறவர்கள் ஒரு நாள் இங்கே வந்து குடியேறுவார்கள் என்று சிவன் சொன்னாராம். காவிரிக் கரையிலிருந்தும் பாலாற்றுக் கரையிலிருந்தும் வந்த நம் முன்னோர்களும் அந்தக் கரைக்கே போய்க் கும்பிட்டார்கள். நாமும் போகிறோம்.

வேலை தொடங்கிய முதல் மாதம் ஒன்றும் சிக்கல் இல்லை. மண்டபத் தூண்களுக்குக் குழி தோண்டியபோது இரண்டு மீட்டருக்குள்ளேயே பாறை தட்டியது. சிவப்புக் களிமண்ணுக்குக் கீழே நல்ல கறுப்புப் பாறை. தமிழ்நாட்டில் இப்படித் தட்டினால் தேங்காய் உடைத்துவிட்டுத் தூணை நிறுத்தலாம். முதலில் எடுத்த ஒப்பந்தக்காரரும் அதையே சொன்னார். அவர் பேச்சைக் கேட்டு இரண்டு தூண்களுக்குக் கான்கிரீட் போட்டோம். டிசம்பரில் மழை தொடங்கி மூன்று வாரத்தில் ஒரு தூண் விரல் அளவு இறங்கிவிட்டது.

அப்புறம்தான் மண் பரிசோதனைக்குத் துளை போட்டோம். முன்பே போட்டிருக்க வேண்டும். அந்தப் பொறுப்பைக் குழு ஏற்றுக்கொள்கிறது. மொத்தம் மூன்று துளைகள். முதல் துளையில் பாறை, அதற்குக் கீழே மறுபடியும் செம்மண், அதற்கும் கீழே பாறை. பாறை மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது! எரிமலைத் தீவில் இதுதான் இயல்பு என்று எங்களுக்கு உதவ வந்த நிலவியல் ஆசிரியர் விளக்கினார். ஒரு முறை எரிமலைக் குழம்பு வழிந்து ஆறிப் பாறையாகிறது. அப்புறம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மழையும் வெயிலும் பட்டு அதன் மேல்பகுதி மண்ணாகிறது, மரம் முளைக்கிறது. பிறகு இன்னொரு வாய் திறந்து புதுக் குழம்பு வந்து அந்த மண்ணையே மூடிவிடுகிறது. தோசைக்கு மேல் தோசை அடுக்கியது போல. துளையிலிருந்து எடுத்த மண்ணில் ஒரு இடம் மட்டும் செங்கல் பொடி போல் சிவந்து இறுகியிருந்தது. மேலே வந்த குழம்பின் சூட்டில் வெந்த மண் அது என்றார். அந்தத் துண்டை அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறோம், வந்து பாருங்கள். அன்றைக்கு வெந்தது அப்படியே இருக்கிறது.

மூன்றாவது துளை நாங்கள் மறக்க முடியாதது. நாலு மீட்டரில் எந்திரத்தின் சத்தம் சட்டென்று மாற, துரப்பணத் தண்டு தானாகவே ஒரு ஆள் உயரம் கீழே விழுந்தது. துளையில் காதை வைத்தால் சில்லென்று காற்று. மண்டபத்தின் வடகிழக்கு மூலைக்கு நேர் கீழே ஒரு குகை! குழம்பு ஓடும்போது மேல்பக்கம் ஆறி ஓடாகிவிடும், உள்ளே சூடான குழம்பு தொடர்ந்து ஓடும், ஊற்று நின்றதும் உள்ளே இருந்தது வடிந்து குழாய் மட்டும் மிஞ்சும். இப்படிப்பட்ட குகைகள் இந்தத் தீவில் நிறைய உண்டு. சரிவின் கீழே புதருக்குள் அதன் வாய் ஒன்று இருந்ததை அப்போதுதான் தேடிக் கண்டுபிடித்தோம். விளக்கு எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். தரையில் கயிறு திரித்துப் போட்டது போல் பாறை மடிந்து கிடந்தது. சுவரில் ஆள் இடுப்பு உயரத்தில் ஒரு நீண்ட கோடு. கடைசியாக ஓடிய குழம்பு அந்த மட்டத்தில் கொஞ்ச காலம் நின்றிருக்கிறது. கூரை வழியாக மேலிருக்கும் மரங்களின் வேர் நூல் நூலாக இறங்கியிருந்தது. கூரையின் ஓரத்தில் சின்னச் சின்னக் கிண்ணங்கள் போல் உழவாரக் குருவிகளின் கூடுகள்.

இங்கேதான் குழுவுக்குள்ளேயே கருத்து பிரிந்தது. கான்கிரீட் கொட்டி நிரப்பிவிடலாம், மலிவாக முடியும், மண்டபத்தின் இடத்தையும் மாற்ற வேண்டாம் என்று பலர் சொன்னார்கள். பொதுக்குழுவிலும் அந்தக் குரல் பலமாகவே இருந்தது. நிரப்ப வேண்டாம் என்று நாங்கள் முடிவெடுத்ததற்குக் காரணம் தண்ணீர். இந்த மேட்டுநிலத்தில் வருடத்துக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மேற்குக் கரையில் பெய்வதைப்போல் நாலு மடங்கு. அவ்வளவு மழையும் ஓடையில் ஓடிவிடுவதில்லை. ஓட்டை நிறைந்த பாறையிலும் இந்தக் குழாய்களிலும் இறங்கி, கீழே எங்கோ ஊற்றாக வருகிறது. வழியை அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடும். அந்த வழி நம் கருவறை அடியாகவும் இருக்கலாம், கீழே உள்ள வீடுகளாகவும் இருக்கலாம். குருவிகள் நமக்கு முன்பே குடியிருப்பவை என்பதும் எங்கள் மனதில் இருந்தது. அதனால் மண்டபத்தைத் தென்மேற்கே நாலு மீட்டர் நகர்த்தினோம். மூலைத் தூண்கள் இரண்டுக்கும் தனித்தனி அஸ்திவாரம் போடாமல், கெட்டியான பாறை வரை ஆழமாக இறக்கி, மேலே அகலமான உத்தரம் கட்டி இணைத்தோம். கணக்குத் தாளில் 'தோண்டுதல்', 'கம்பி' என்ற இரண்டு தலைப்பும் மதிப்பீட்டைத் தாண்டியது இதனால்தான். குகை வாய்க்குக் குருவி போய்வரும்படி இடைவெளி விட்ட கம்பிக் கதவு போட்டிருக்கிறோம். பிள்ளைகளை உள்ளே விட வேண்டாம். கற்பூரம், ஊதுபத்தி எதுவும் உள்ளே கொளுத்த வேண்டாம்.

அடுத்தது கல். பலிபீடத்தையும் படிகளையும் தமிழ்நாட்டிலிருந்து கல் இறக்கிச் செய்ய வேண்டும் என்று ஒரு தரப்பு விரும்பியது. ஸ்தபதி வந்து இறங்கியதும் நம் கல்லைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். மண்சட்டியைத் தட்டியது போல் 'தொப்' என்றது. மணி ஓசை வராத கல்லில் எப்படிப் பீடம் செய்வது என்று உதட்டைப் பிதுக்கினார். கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். கல் முழுக்கப் பயறு அளவு ஓட்டைகள். குழம்பில் இருந்த காற்று மேலே எழும்பி வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்ட இடங்கள். சரி, மேலே எழும்பியது என்றால் கீழே இருக்காதே என்று ஆசிரியர் கேட்டார். குவாரியில் அதே அடுக்கின் நடுப்பகுதியிலிருந்து ஒரு கல்லைப் புரட்டினோம். ஸ்தபதி தட்டினார். கணீர் என்றது. மறுபடி தட்டினார், நாலு பக்கமும் தட்டினார், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பலிபீடம் அந்தக் கல்தான். கிட்டப் போய்ப் பாருங்கள், கறுப்புக்குள் கடுகு அளவு பச்சை மணிகள் தெரியும். ஒலிவின் என்பது அதன் பெயர். பூமியின் ஆழத்திலிருந்து குழம்போடு ஏறி வந்தது. காற்றும் ஈரமும் பட்டால் பழுப்பாகிவிடும், அதனால் எண்ணெய்க் காப்பை விட்டுவிடாதீர்கள் என்று ஸ்தபதி சொல்லிவிட்டுப் போனார்.

ஊர்க் கல் நம்முடையது அல்ல என்று நினைக்கிறவர்களுக்கு ஆசிரியர் ஒரு மாலை பூசைக்குப் பிறகு சொன்னதை இங்கே பதிய ஆசைப்படுகிறோம். நம் தீவை உருவாக்கிய எரிமலைக் குழம்பின் வெப்ப ஊற்று பூமிக்கு அடியில் ஒரே இடத்தில் இருக்கிறது, அதன் மேல் நிலத்தட்டு நகர்ந்துகொண்டே போகிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அதன் மேல் இருந்தபோது கொட்டியதுதான் தக்காணத்து எரிமலைப் பாறை. அந்தப் பாறையைக் குடைந்துதான் எல்லோராவில் கயிலாசநாதர் கோயிலை ராஷ்டிரகூடர்கள் எடுத்தார்கள். அப்புறம் தட்டு வடக்கே போகப் போக லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று வரிசையாக அடித்தளம் போட்டுக்கொண்டே வந்து, சுமார் 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நம் தீவு. இன்று அதே ஊற்றின் மேல் பக்கத்து ரீயூனியன் தீவு இருக்கிறது. அங்கே பிட்டோன் தெ லா ஃபுர்னேஸ் எரிமலை இன்னும் குழம்பு கக்குகிறது. எல்லோராச் சிவனுக்கும் நம் முருகனுக்கும் ஒரே அடுப்பில் வெந்த கல். கேட்டுக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இன்னொன்றும் சொன்னார். 2017-ல் ஜோகன்னஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் ஆஷ்வாலும் அவரோடு உழைத்தவர்களும் நம் தீவின் பழைய பாறை ஒன்றில் சிர்க்கான் என்ற பொடிப் படிகங்களை எடுத்து வயது பார்த்தார்கள். பாறைக்குச் சுமார் 60 லட்சம் வயது. உள்ளே இருந்த படிகங்களில் சிலவற்றுக்கு 300 கோடி! இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்த காலத்து நிலத்துண்டு ஒன்று நமக்கு அடியில் புதைந்து கிடக்கிறது, குழம்பு அதைத் துளைத்து வரும்போது இந்தப் படிகங்களை அள்ளி வந்தது என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

படிக்கட்டைப் பற்றிச் சுருக்கமாக. பளபளப்பான பாலீஷ் கல் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு நாங்கள் இணங்கவில்லை. இங்கேதான் ஸ்தபதி ஒதுக்கிய ஓட்டைக் கல் உதவியது. தைப்பூசத்தன்று காவடியோடு வெறுங்காலில் ஏறுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். மழை பெய்தாலும் தண்ணீர் அந்தக் குழிகளில் இறங்கிவிடும், பாதம் வழுக்காது. விளிம்புகளை மட்டும் உளியால் மழுக்கியிருக்கிறோம். படிக்குத் தேவையான கல்லில் பாதியை விலை கொடுத்து வாங்கவில்லை. கரும்புத் தோட்டத்தில் குவித்துக் கிடந்தது. கோபுரம் கோபுரமாக நிற்கும் அந்தக் குவியல்களை அடுக்கியவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். கரும்பு நட இடம் வேண்டும் என்று ஒவ்வொரு கல்லாகக் கையால் பொறுக்கி எடுத்தார்கள். அந்தக் கல்லில் கால் வைத்து மேலே ஏறும்போது நம் கொள்ளுத் தாத்தா பாட்டியின் கை பட்ட கல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டக்காரர்களுக்குக் குழுவின் நன்றி.

வடிகால் வேலையில் சொல்ல அதிகம் இல்லை. பழைய வாய்க்காலைத் தூர்வாரி, மண்டபத்தைச் சுற்றி வளைத்து ஓடைக்கு விட்டிருக்கிறோம். புயல் காலத்துக்கு முன் வருடா வருடம் இலை அள்ள ஆள் வேண்டும்.

பொதுக்குழுவில் கேட்ட ஒரு கேள்விக்கு அன்று பதில் சொல்லவில்லை: இது மறுபடி வெடிக்குமா? கோயில் முற்றத்திலிருந்து வடக்கே பார்த்தால் நம் தீவு வயது வேறான இரண்டு பகுதிகளாகத் தெரியும். தூரத்தில் லே பூஸ், தலையில் உருண்டைக் கல்லோடு பீட்டர் போத், இந்தப் பக்கம் கோர் தெ கார்து, இந்த மலைகள் எல்லாம் முதல் பெரிய எரிமலையின் மிச்சங்கள். நடுப்பகுதி சரிந்து, மழை அரித்து, ஓரங்கள் மட்டும் பல் பல்லாக நிற்கின்றன. நாம் நிற்கும் மேடு இளையது. க்யூர்பிப் நகரில் உள்ள த்ரூ ஓ செர் எரிமலை வாயும் கங்கா தலாவும் இந்த வரிசையில் வந்தவை. த்ரூ ஓ செர் சுமார் 300 மீட்டர் அகலம், 80 மீட்டர் ஆழம், உள்ளே இன்று காடு. கடைசியாகக் குழம்பு வந்து ஏறக்குறைய 25,000 ஆண்டுகள் ஆகின்றன. இதற்கு முன் பல லட்சம் ஆண்டுகள் தூங்கிவிட்டு எழுந்த தீவு என்பதால் அறிஞர்கள் 'அணைந்தது' என்று சொல்லாமல் 'உறங்குகிறது' என்கிறார்கள். நம் தீவு அந்த வெப்ப ஊற்றைவிட்டு நகர்ந்துவிட்டது, இன்று அதன் மேல் இருப்பது ரீயூனியன். நம் பேரப்பிள்ளைகளின் கல்யாணம் வரை தாராளமாகத் திட்டம் போடலாம்.

மடப்பள்ளிக் கூரையும் கீழ்ச் சுற்றுச்சுவரும் இன்னும் பாக்கி. அவற்றுக்குத் தனி மதிப்பீடு தயாராகிறது, இந்த முறை முதலிலேயே துளை போட்டுப் பார்த்துவிடுவோம். படி வெட்டியதில் மிஞ்சிய கற்கள் தெற்குச் சுவரோரம் இருக்கின்றன. ஒரு குடும்பத்துக்கு ஒன்று என்று துளசி மாடத்துக்கோ வாசலுக்கோ எடுத்துப் போகலாம். வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது பை கொண்டுவாருங்கள், பார்ப்பதைவிடக் கனமாக இருக்கும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு